மேல்காடு முதல் அடிவயல் வரை: மலையூரில் பெர்மாகல்ச்சர் என்றால் என்ன?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உத்தராகண்டின் கட்வால் மலைகளில் ரோடு அடைபடுவது ஒரு செய்தியே இல்லை. மழை பெய்யும், மேலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து விழும், ஜேசிபி வந்து அள்ளிப் போடும்வரை லாரி ஓடாது. சில நேரம் இரண்டு மணி நேரத்தில் வழி திறந்துவிடும், சில நேரம் பல நாள் ஆகும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது சாலையும் பாலமும் அடித்துக்கொண்டு போய், பல ஊர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் துண்டாகிக் கிடந்தன.

அப்படித் துண்டான ஊரில் வீட்டுக்கு வீடு நிலைமை ஒன்றாக இருக்காது. ஒரு வீட்டில் சமவெளியிலிருந்து லாரியில் வந்த அரிசியும் உருளைக்கிழங்கும் மட்டும் இருக்கும். அது தீர்ந்தால் கஷ்டம்தான். இன்னொரு வீட்டில் போன அறுவடையின் கேழ்வரகும் கொள்ளும் ராஜ்மாவும் பானையில் இருக்கும், கொல்லையில் கீரை இருக்கும், கூப்பிடு தூரத்தில் ஊற்று ஓடிக்கொண்டிருக்கும். ஊரே இந்த இரண்டாவது வீடு மாதிரி இருந்தால் அந்த ஊருக்குத் தாங்குதிறன் அதிகம் என்கிறோம். அடி விழாது என்று அர்த்தமில்லை. அடி விழுந்தாலும் சமாளித்து எழுந்துவிடலாம், அவ்வளவுதான். இந்தத் தாங்குதிறனை நிலத்தின் அமைப்பிலேயே கட்டி வைக்க முடியுமா என்று யோசிக்கும் ஒரு முறைதான் பெர்மாகல்ச்சர்.

சொல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. டாஸ்மேனியாவில் பில் மாலிசனும், அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் 1970-களின் நடுவில் இதை யோசிக்க ஆரம்பித்து, 1978-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். உரம், டீசல், விதை என்று எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கிக் கொட்டி ஆண்டுக்கு ஆண்டு ஓட்டுவதற்குப் பதிலாக, காடு யாரும் பார்க்காமலே தழைப்பது போல விளைநிலத்தையும் அமைக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. மூன்று அறங்களை அடிப்படையாக வைத்தார்கள்: மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிச்சத்தைப் பகிர்ந்துகொள். முதல் இரண்டை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், மூன்றாவதைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள். மலையில் அந்த மூன்றாவது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இயற்கை விவசாயத்தின் இன்னொரு பெயர்தானே இது என்று கேட்பவர்கள் உண்டு. முழுக்க அப்படியில்லை. வயலில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதுதான் இயற்கை விவசாயத்தில் பெரும்பாலும் பேச்சு. பெர்மாகல்ச்சரில் எது எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. தொழுவம் வயலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுதுக்குமான முதுகுவலி தீர்மானமாகிவிடும்.

வட்டத்தை நிமிர்த்தி வைத்தால்

பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போனால் ஆரம்பத்திலேயே வட்டம் வட்டமாக ஒரு படம் போடுவார்கள். நடுவில் வீடு. அடிக்கடி போய்வர வேண்டிய கீரைப்பாத்தி வீட்டை ஒட்டி, எப்போதாவது பார்த்தால் போதும் என்கிற பழமரம் அடுத்து, வயல் அதற்கப்பால், கை வைக்காத காடு கடைசியில். இந்த வளையங்களுக்கு மண்டலங்கள் என்று பெயர். சமவெளிக்கு இது சரி. மலையில் இந்த வட்டத்தைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்.

கட்வாலில் அப்படி நிமிர்த்திய படம் பல நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. ஊர் நடுச்சரிவில் இருக்கும். வீட்டை ஒட்டிச் சக்வாடா என்கிற சிறு தோட்டம். கீழே ஆற்றோரம் வாய்க்கால் பாயும் சேரா வயல்கள். அதில் நெல்லும் கோதுமையும். ஊரைச் சுற்றி, கல் அடுக்கிக் கட்டிய மானாவாரிப் படிவயல்கள். இவற்றை உக்கட் என்பார்கள். மலை மாவட்டங்களில் பாசன நிலம் கொஞ்சம்தான், பெரும்பகுதி இந்த உக்கட்தான். அதற்கு மேலே பாஞ்ச் எனப்படும் ஓக் மரக்காடு, இடையிடையே சிவப்பாகப் பூக்கும் புரான்ஸ். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம். மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே புக்யால் என்கிற புல்வெளி.

இந்த அடுக்குகளுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கவனியுங்கள். ஓக் சருகு தொழுவத்துக்கு வந்து மாட்டுக்குப் படுக்கையாகிறது, சாணத்தோடு மக்கி உரமாகப் படிவயலுக்குப் போகிறது. மேல்காட்டில் ஊறிய மழை ஊற்றாக ஊருக்கு வருகிறது, மிச்சம் வாய்க்காலில் இறங்குகிறது, வழியில் கராட் என்கிற நீராலையைச் சுற்றி மாவு அரைத்துக் கொடுத்துவிட்டுச் சேரா வயலில் பாய்கிறது. கனமானதெல்லாம் கீழ்நோக்கித் தானாக இறங்க வேண்டும், ஆள் மேல்நோக்கிச் சுமப்பது குறைய வேண்டும். மலைச்சரிவில் வேலை செய்யும் எவருக்கும் இதுதான் முதல் பாடம். அப்படியும் சுமை மிச்சம் இருக்கிறது, அதைச் சுமப்பது பெண்கள். புல்கட்டும் விறகுக்கட்டும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கும் பெண்களைப் பார்க்காமல் கட்வாலில் ஒரு நாளைக் கழிக்க முடியாது.

அந்தச் சுமையைக் குறைக்கும் மரம் ஒன்று உண்டு. பீமல் என்று பெயர், படிவயல் வரப்பில் வளர்ப்பார்கள். புல் காய்ந்துபோன குளிர்காலத்தில் இதன் இலைதான் மாட்டுக்குப் பச்சைத் தீவனம். இலை கழித்த கிளைகளை ஓடையில் ஊறப்போட்டு நாரை உரித்தால் கயிறு. நார் போன குச்சி அடுப்பு பற்றவைக்க. பட்டையை நசுக்கித் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் உண்டு. வரப்பு மண்ணைப் பிடித்துக்கொள்வது தனி. ஒவ்வொன்றும் பல வேலை செய்ய வேண்டும் என்று பெர்மாகல்ச்சர் பாடத்தில் ஒரு விதி வரும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு தானியம், ஒரே வயல்

அந்த விதிக்கு இணையாக இன்னொன்று உண்டு: முக்கியமான ஒரு தேவையை ஒன்றை மட்டும் நம்பி விடாதே. அதைப் புரிந்துகொள்ள கட்வாலின் பாரானாஜா வயலைப் பார்க்க வேண்டும். பாரா என்றால் பன்னிரண்டு, அனாஜ் என்றால் தானியம். எண்ணிப் பார்த்தால் சில வயலில் பத்து இருக்கும், சில வயலில் பதினைந்துக்கு மேலும் இருக்கும்.

முதன்மையானது மண்டுவா, அதாவது நம் கேழ்வரகு. அதோடு ராம்தானா என்கிற கீரைவிதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு, பட் என்கிற கருப்பு சோயா, எள், ஓகல் என்கிற பக்வீட், சோளம், வெள்ளரி என்று ஊருக்கு ஊர் கலவை மாறும். தாளிக்க ஜக்யா. இது நம்மூர் நாய்க்கடுகுதான். இங்கே களையென்று பிடுங்கிப் போடுகிறோம், அங்கே உருளைக்கிழங்குக்கு அது இல்லாமல் தாளிப்பே இல்லை.

மழைக்கு முன்னால் விதைத்தால், எல்லாம் ஒரே வயலில் வெவ்வேறு உயரத்தில் வளரும். ராம்தானா நிமிர்ந்து நிற்க, ராஜ்மா அதைப் பற்றி ஏறும். பயறுவகைகள் வேர்முடிச்சில் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். படரும் கொடிகள் மண்ணை மூடி, ஓங்கி அடிக்கும் மழையில் மேல்மண் கரையாமல் காக்கும். அறுவடையும் ஒரே நாளில் வராது. வெள்ளரியும் கீரையும் முதலில், பயறுகள் ஒவ்வொன்றாக, மண்டுவா கடைசியில். வைக்கோல் மாட்டுக்கு. அதன் பின் குளிர்காலத்தில் அந்த வயலைத் தரிசாக விட்டுவிடுவார்கள். ஊர் நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் பாரானாஜா, மறு பாதியில் ஜங்கோரா (குதிரைவாலி) அல்லது மானாவாரி நெல், அதன் பின் கோதுமை, அடுத்த ஆண்டு இடம் மாற்றம் என்று ஒரு சுழற்சி உண்டு. ஒவ்வொரு பாதிக்கும் முறை வைத்து ஓய்வு கிடைக்கும்.

மழை தவறினால் என்ன ஆகும்? நெல் மட்டும் போட்டவன் மொத்தமாகத் தோற்பான். பாரானாஜாவில் நாலு பயிர் போகும், கொள்ளும் மண்டுவாவும் நிற்கும். அதிக மழை பெய்தால் வேறு நாலு போகும், வேறு சில நிற்கும். நல்ல வருஷத்தில் எந்த ஒரு பயிரும் சாதனை விளைச்சல் தராது, அது உண்மை. இங்கே நோக்கம் சாதனை இல்லை, எந்த வருஷமும் சட்டி காலியாகக் கூடாது.

1980-களில் வேளாண் துறை இந்தக் கலப்பை விட்டுவிட்டுச் சோயா மட்டும் பயிரிடச் சொன்னது. சோயா விற்கும், ஆனால் அதை எண்ணெயாக்கும் ஆலை மலையில் இல்லை, மாட்டுக்கு வைக்கோல் கிடைக்காது, வீட்டுச் சட்டிக்கும் பெரிதாக உதவாது. டெஹ்ரி மாவட்டத்தின் ஹென்வல் பள்ளத்தாக்கில், மரம் வெட்டுவதைத் தடுத்த சிப்கோ இயக்கத்தில் இருந்த விஜய் ஜர்தாரியும் நண்பர்களும் இதை எதிர்த்து பீஜ் பச்சாவ் ஆந்தோலன் என்கிற விதை காப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராக நடந்து, பாட்டிமார் பானைகளில் மிச்சமிருந்த நெல், ராஜ்மா வகைகளை நூற்றுக்கணக்கில் திரட்டினார்கள். காட்சிக்கு வைக்க அல்ல, மறுபடி வயலில் போட்டுப் பரிமாறிக்கொள்ள.

தண்ணீர் மேலேயிருந்து வருகிறது

உத்தராகண்டில் ஆண்டுக்குச் சுமார் 1500 மி.மீ. மழை. கேட்டால் நிறைய என்று தோன்றும். அதில் முக்கால் பங்குக்கு மேல் பருவமழையின் சில மாதங்களில் கொட்டிவிட்டு, சரிவில் ஓடி, ஹரித்வாரைத் தாண்டிப் போய்விடும். மே மாதம் ஊற்று வற்றும், கங்கை பிறக்கும் மாநிலத்தில் குடம் வரிசையில் நிற்கும். இமயமலையில் ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றியோ வற்றிக்கொண்டோ இருக்கின்றன என்று 2018-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது.

ஊற்றை ஊற்றுக்கண்ணில் காப்பாற்ற முடியாது. அதற்கு நீர் சேர்வது பல நூறு அடி மேலே, வேறு ஒருவர் நிலத்திலோ பொதுக் காட்டிலோ. அங்கே மழை நின்று உள்ளே இறங்கினால்தான் கீழே குடம் நிறையும். பௌடி மாவட்டத்தின் உஃப்ரைன்கால் பகுதியில் பள்ளி ஆசிரியர் சச்சிதானந்த் பாரதியும் ஊர்ப் பெண்களும் செய்தது இதைத்தான். தூதாதோலி மலைச்சரிவில் 1980-களிலிருந்து மரம் நட்டார்கள், அப்புறம் மழைநீர் தங்கச் சின்னச் சின்னக் குழிகளாகத் தோண்டிக்கொண்டே போனார்கள். பெரிய தடுப்பணை கிடையாது, சிமெண்டும் கிடையாது. குழி நிறைந்து வழிந்தால் அடுத்த குழிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. ஆயிரக்கணக்கில் இப்படிக் குழிகள் வந்தபின், வறண்டே கிடந்த ஓர் ஓடையில் மறுபடி நீர் ஓட ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் அதற்குக் காட்கங்கா என்று பெயர் வைத்தார்கள். ஈரம் நின்றதால் கோடையில் காட்டுத்தீயும் அங்கே எளிதில் அண்டுவதில்லை.

காட்டுத்தீ என்றதும் மரவகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் காலத்திலிருந்து பிசினுக்காகவும் மரத்துக்காகவும் சீர் பைன் காடுகளுக்குத்தான் வனத்துறையில் மரியாதை. அதன் ஊசியிலைகள் காய்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், ஒரு பீடி போதும். மாட்டுக்கும் ஆகாது, சீக்கிரம் மக்கவும் செய்யாது. ஓக் சருகோ ஈரமாகக் கிடந்து கரிமண்ணாகி மழையை உள்ளே விடும். ஆகவே மலையில் பெர்மாகல்ச்சர் பேசுபவர் தோட்டத்துக்கு முன்னால் மேல்காட்டில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

நீரைத் தேக்கும் பள்ளம் வெட்ட, சரிவில் ஒரே உயரத்தில் போகும் சமமட்டக் கோடு பிடிப்பது எப்படி என்று புதியவர்கள் கேட்பார்கள். கருவி மிக எளிது. இரண்டு நீளக் கம்பை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைப் பொருத்தி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரு காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது கயிறு குறுக்குக் கம்பில் எங்கே படுகிறதோ அங்கே குறி போடுங்கள். அப்புறம் சரிவில் ஒரு காலை ஊன்றி, மறு காலைக் கயிறு குறியில் படும்வரை மேலே கீழே நகர்த்தி வையுங்கள். அந்த இடத்தில் ஒரு முளை, அங்கிருந்து அடுத்த அடி. முளைகளை இணைத்தால் சமமட்டக் கோடு. அதன்படி வெட்டிய பள்ளத்தில் நீர் ஓடாது, நின்று ஊறும்.

ஆனால் இங்கேதான் வீடியோ பார்த்து இறங்குபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மென்சரிவில் நல்லதாக இருக்கும் நீளப் பள்ளம், செங்குத்துச் சரிவில் ஆபத்து. மண் நீரைக் குடித்துக் கனத்து மொத்தமாக வழுக்கி இறங்கும், கீழே இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் கூரை. செங்குத்தான இடத்தில் நீரை ஒரே பள்ளத்தில் தேக்காமல் சிறு குழிகளில் பிரித்துவிடுவதும், மரமும் புல்லும் நடுவதும், பழைய கல்வரப்பைச் செப்பனிடுவதும்தான் சரியான வழி. ஏற்கெனவே மண் சரிந்த தடம் உள்ள இடத்தில் தோண்டவே கூடாது.

ஒரு ஆளால் ஆகாத வேலை

இதுவரை சொன்னதைக் கவனித்தால் ஒன்று தெரிந்திருக்கும். காடு ஊருடையது, ஊற்று மேல்நிலத்தைப் பொறுத்தது, விதை பக்கத்து வீட்டிலிருந்து வருவது. சமவெளியில் ஐந்து ஏக்கர் வாங்கி வேலி போட்டு ஒருவர் தனியாக அழகான பெர்மாகல்ச்சர் பண்ணை அமைத்துவிடலாம். மலையில் நிலம் சிதறிக் கிடக்கும்: ஒரு குடும்பத்துக்குக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, ஓடைக்கு அப்பால் ஒரு துண்டு. ஆலங்கட்டி மழை ஒரு பக்கம் அடித்தால் மறு பக்கம் தப்பட்டும் என்பதற்கு அது நல்லதுதான், ஆனால் தனியாக எதையும் திட்டமிட முடியாது. எனவே என் பார்வையில் மலையூர் பெர்மாகல்ச்சரின் உண்மையான கட்டுமானம் செடியில் இல்லை, யார் எப்போது எதை எடுக்கலாம் என்ற ஊர்க் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உஃப்ரைன்கால் பக்கத்து ஊர்களில் பெண்கள் முறை வைத்துக் காட்டைக் காவல் காக்கிறார்கள். காவலுக்குப் போகும் பெண் கையில் சலங்கை கட்டிய ஒரு கோல் இருக்கும், அதற்குக் காங்கர் என்று பெயர். மாலையில் திரும்பி வந்து அந்தக் கோலைப் பக்கத்து வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போவாள். மறுநாள் முறை அந்த வீட்டுக்கு. பதிவேடும் சம்பளமும் இல்லாத ஏற்பாடு. விஜய் ஜர்தாரியின் ஊரான ஜர்தார்காவில், 1980 வாக்கில் ஊர்க்குழு அமைத்து, மொட்டையாகிப்போன காட்டை மூடிவைத்து, ஊராரே காவலாளுக்குக் கூலி கொடுத்தார்கள். ஓக்கும் புரான்ஸும் பழைய வேரிலிருந்து தானாகத் துளிர்த்தன.

இதற்குச் சட்ட வடிவமும் இருக்கிறது. காட்டைப் பறித்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக 1921-ல் கட்வாலுக்குக் கிழக்கே உள்ள குமாவுன் பகுதி மக்கள் பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாக 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று உத்தராகண்டில் பத்தாயிரத்துக்கும் மேல் வன பஞ்சாயத்துகள் உண்டு. புல் அறுக்க எந்தத் தேதியில் காட்டைத் திறப்பது, வீட்டுக்கு எத்தனை கட்டு, மீறினால் என்ன அபராதம் என்பதையெல்லாம் ஊரே முடிவு செய்யும். எல்லாம் நன்றாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன், பல பெயரளவில்தான். வயல்வேலைக்கும் குமாவுனில் பல்ட்டா என்று மாற்று உழைப்பு முறை உண்டு. இன்று என் வயல், நாளை உன் வயல். நாற்று நடும்போது ஹுட்கா என்கிற உடுக்கை அடித்துப் பாட ஒருவர், அந்தத் தாளத்துக்குக் கை ஓடும். மிச்சத்தைப் பகிர்வது என்ற மூன்றாவது அறம், நடைமுறையில் இந்த மாதிரி முறைவைப்பாகத்தான் தெரியும்.

எதைத் தாங்கும், எதைத் தாங்காது

சாமோலி மாவட்டத்து ரெணி கிராமத்தில்தான் 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைச் சூழ்ந்து நின்று வெட்ட விடாமல் தடுத்தார்கள். காட்டை இதைவிட நன்றாகக் காத்த ஊர் இருக்க முடியாது. அதே ரெணியைத்தான் 2021 பிப்ரவரி 7-ல் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் உடைந்து விழுந்து கிளம்பிய வெள்ளம் தாக்கியது. அதே மாவட்டத்து ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் இருக்கிறது, பெரிய கட்டுமானம் வேண்டாம் என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல். சுரங்கப்பாதை, அணை, சாலை அகலப்படுத்தல் என்று மேலிருந்து முடிவாகும் விஷயங்களைக் கீழே ஓக் நட்டு ஈடுகட்ட முடியாது. தாங்குதிறன் என்ற சொல்லை அரசுகள் விரும்பிப் பயன்படுத்துவது சில நேரம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது: இடிப்பதை நாங்கள் இடிக்கிறோம், தாங்குவதை நீங்கள் தாங்குங்கள் என்கிற மாதிரி.

ஆள் இல்லாமை இன்னொரு பிரச்சினை. 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌடி மாவட்டங்களில் மக்கள்தொகையே குறைந்தது. 2011-க்குப் பின் 734 ஊர்கள் முற்றிலும் ஆளில்லாமல் ஆனதாக மாநிலப் புலம்பெயர்வு ஆணையம் 2018-ல் சொன்னது. ஆள் குறைந்தால் தரிசு கூடும், தரிசில் காட்டுப்பன்றி அடையும், மிச்சமிருப்பவர் வயலையும் அது கிளறிவிடும், அவரும் கிளம்பிவிடுவார். பெர்மாகல்ச்சர் உழைப்பைக் குறைக்கும் என்பார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கூட்டத்தான் செய்யும், அந்த உழைப்புக்கு ஊரில் இளவட்டங்கள் வேண்டும்.

அவர்கள் இருக்க வேண்டுமென்றால் கையில் பணம் வேண்டும். இதில் கொஞ்சம் நல்ல செய்தியும் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கின்றன. 2023 உலகச் சிறுதானிய ஆண்டானதும் மண்டுவாவுக்கு மவுசு வந்தது. 2023-24-ல் ராகிக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், மாநில அரசும் மலை விவசாயிகளிடம் மண்டுவாவைக் கொள்முதல் செய்கிறது. ஆனால் கொள்முதல் மையம் ஒரு தானியத்தை மட்டும் எடைபோட்டால், விவசாயியும் அந்த ஒன்றை மட்டும் போடத் தொடங்குவார். 1980-களில் சோயா செய்ததை மண்டுவா செய்துவிடும். கொள்ளும் கருப்பு சோயாவும் ராஜ்மாவும் ராம்தானாவும் இப்போது மகளிர் குழுக்கள் வழியாகச் சிறு பொட்டலங்களாக டேராடூன் கடைகளுக்குப் போகின்றன. இவற்றையும் அரசு எடைபோட்டு வாங்கி, மலைப் பள்ளிகளின் மதிய உணவுக்கும் ரேஷனுக்கும் திருப்பிவிட்டால் கலப்பு வயல் பிழைக்கும் என்பது என் கணிப்பு. லாரி வராத வாரத்தில் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் அடுப்பு எரியவும் அது உதவும்.